டிசம்பரில் பேரப்பிள்ளைகளோடு ஃபீனிக்ஸ் பாலைவனத் தாவரத் தோட்டம்: போகலாமா?

கேள்வி சுருக்கமாக இது: "டிசம்பர் கடைசியில் அரிசோனா ஃபீனிக்ஸில் மகள் வீட்டில் இருப்போம். 9 வயதுப் பேரன், 5 வயதுப் பேத்தி. அங்கே டெசர்ட் பொட்டானிக்கல் கார்டன் என்று ஒன்று இருக்கிறதாம். கள்ளிச்செடியைப் பார்க்க இவ்வளவு காசு கொடுக்க வேண்டுமா? பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டாதா? என் வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி வேறு."

தாராளமாகப் போங்கள். நான் தாவரவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். இப்போது மகன் வீட்டோடு ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற சம்பந்திகள், நண்பர்கள் எல்லோரையும் அங்கே இழுத்துக்கொண்டு போவது என் வேலையாகவே ஆகிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் காலம். அந்த ஊரில் வெளியே நிம்மதியாக நடமாட முடிகிற மாதங்களில்தான் நீங்கள் வருகிறீர்கள். டிசம்பரில் பகல் வெயில் 19, 20 டிகிரி செல்சியஸ். விடியற்காலையில் 7 டிகிரிக்கு இறங்கும், சில நாள் அதற்கும் கீழே. கோடையில் பேரப்பிள்ளைகளோடு பகலில் அந்தப் பக்கம் தலைவைக்கவே கூடாது. 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. பாலைவனத்திலேயே பிறந்து வளர்ந்த பெரிய கள்ளிகள்கூட அந்த வருஷம் கை முறிந்து சாய்ந்தன. குளிர்காலத்தில் இன்னொரு வசதி, பாம்பு பயம் குறைவு. கிலுகிலுப்பைப் பாம்புகள் பெரும்பாலும் வளைக்குள் முடங்கிவிடும்.

முழங்கால் விஷயம். தோட்டத்தின் மொத்தப் பரப்பு 140 ஏக்கர் என்று படித்துவிட்டுப் பயந்துவிடாதீர்கள். மக்கள் நடக்கிற பகுதி அதில் ஒரு பங்குதான். நடைபாதைகள் தனித்தனி வளையங்களாக இருக்கும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை கிலோமீட்டர். நடுவில் இருக்கிற முக்கியமான வளையம் சமமாகப் பாவிய பாதை. சக்கர நாற்காலியிலோ குழந்தை வண்டியிலோ போகலாம், வழியில் பெஞ்சுகளும் உண்டு. சொனோரன் பாலைவன இயற்கைப் பாதை என்று ஒரு வளையம் மட்டும் மேட்டில் ஏறி இறங்கும். அதை வீட்டம்மா விட்டுவிடலாம். நீங்கள் பேரனோடு போய் வாருங்கள், மேலேயிருந்து சுற்றியிருக்கிற மலைகள் தெரியும். எல்லா வளையத்தையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று நினைத்தால் 5 வயதுப் பிள்ளையைத் தோளில் சுமக்க வேண்டிவரும். இரண்டு வளையம் போதும்.

இனி சலிப்பு. பெரியவர்கள் பலகையைப் படித்துப் படித்துப் பெயர் சொல்லிக்கொண்டு போனால் எந்தப் பிள்ளைக்கும் சலிக்கத்தான் செய்யும். உள்ளே நுழைந்ததும் இருவரிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்துவிடுங்கள்: "இந்தச் செடி தண்ணீருக்கு என்ன செய்கிறது?" ஃபீனிக்ஸில் ஒரு வருஷத்துக்குப் பெய்கிற மழை 20 சென்டிமீட்டர்கூட இருக்காது. சென்னையில் 140 சென்டிமீட்டர் பெய்கிறது. ஃபீனிக்ஸின் அந்தக் கொஞ்ச மழையும் இரண்டு தவணையாக வரும்: கோடையில் இடி மின்னலோடு, குளிர்காலத்தில் சாரலாக. இதை வைத்துக்கொண்டு மரம், செடி, கொடி எல்லாம் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று பார்ப்பதுதான் அங்கே வேடிக்கை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது. பிள்ளைகள் அதைத் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள்.

சவாரோவிலிருந்து ஆரம்பியுங்கள். கௌபாய் படங்களில் கை தூக்கி நிற்குமே, அந்தத் தூண் கள்ளிதான். பக்கத்தில் போய் (தொடாமல்) அதன் உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாக இருக்கும். மழை பெய்து தண்ணீரை உறிஞ்சியதும், சேலைக் கொசுவம் பிரிகிற மாதிரி அந்த மடிப்புகள் விரிந்து உடம்பு பருக்கும். வறட்சி வந்தால் திரும்ப இடுங்கிவிடும். தண்ணீர் முழுக்க அந்தச் சதைக்குள்தான் இருக்கிறது. நன்றாக வளர்ந்த ஒன்றின் எடை பல டன். வேரோ ஆழமே போகாது. நடுவில் ஒரு ஆணிவேரைத் தவிர மற்றதெல்லாம் தரையிலிருந்து நாலைந்து விரல்கடை ஆழத்திலேயே, செடி எவ்வளவு உயரமோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் சுற்றிலும் பரவியிருக்கும். சாரல் மண்ணை நனைத்தாலே போதும், ஆவியாகிப் போவதற்குள் குடித்துவிடும்.

இலை எங்கே என்று பேரன் கேட்பான். முள்தான் இலை. அகன்ற இலை இருந்தால் அதன் வழியாகத் தண்ணீர் போய்விடும். அப்புறம், கள்ளிகள் பகலில் இலைத்துளையைத் திறப்பதே இல்லை. தண்டின் மேல்தோலில் இருக்கிற துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து, அமிலமாக மாற்றி வைத்துக்கொள்ளும். விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, அந்தச் சேமிப்பைக் கொண்டு வெயிலில் சமையல். 2023இல் சவாரோக்கள் சாய்ந்ததற்கு ராத்திரி வெக்கையும் ஒரு காரணம். இரவிலும் சூடு தணியாவிட்டால் அதற்கு மூச்சு விட நேரமே கிடைப்பதில்லை.

இன்னொரு விளையாட்டு, வயது. 10 வருஷத்துச் சவாரோ இரண்டு அங்குலம்கூட இருக்காது. அதாவது உங்கள் பேரன் வயதுக் கள்ளி அவன் கட்டைவிரல் உயரத்தைத் தாண்டாது. முதல் பூ 35 வயதை ஒட்டி, அது மகளின் வயதாக இருக்கும். முதல் கை முளைக்க 50லிருந்து 75 வருஷம் ஆகும், அது நம் வயது. கையே விடாமல் ஒற்றைத் தூணாக நிற்பவையும் உண்டு. 150 வருஷத்துக்கு மேல் இருந்து 12 மீட்டர் தாண்டுபவையும் உண்டு. "இதில் பாட்டி எது, அம்மா எது, நான் எது?" என்று தேட விட்டால் அரை மணி நேரம் போவது தெரியாது. கட்டைவிரல் அளவுள்ளதைத் தேடுவதுதான் கஷ்டம். அதற்கு ஒரு குறிப்பு: வெட்டவெளியில் தேடாதீர்கள், மரத்தடியில் குனிந்து பாருங்கள். வெயிலும் பனியும் தாக்காமல் ஒரு மரத்தின் நிழலில்தான் சவாரோ குழந்தையாக வளரும்.

அப்படி நிழல் கொடுக்கிற மரங்களில் ஒன்று பாலோ வெர்டி. அதன் அடிமரமே பச்சையாக இருக்கும். பேத்தி அதை முதலில் கவனித்துவிடுவாள் என்று பந்தயம் கட்டுவேன். தண்ணீர் இல்லாதபோது இலையை உதிர்த்துவிட்டு, பச்சைப் பட்டையிலேயே உணவு தயாரிக்கிற மரம். ஒக்கோட்டியோ என்று இன்னொன்று, செத்த குச்சிகளைக் கட்டி நட்டு வைத்தது போலத் தெரியும். நல்ல மழை பெய்த சில நாளில் குச்சி முழுக்க இலை, காய்ந்தால் மொத்தமும் உதிரும், அடுத்த மழைக்குத் திரும்ப வரும். வருஷத்தில் பல தடவை இந்தக் கூத்து நடக்கும். சில பூச்செடிகள் இந்த வம்பே வேண்டாம் என்று விதையாகவே மண்ணில் படுத்திருந்து, குளிர்கால மழை சரியாகப் பெய்தால் மட்டும் மார்ச்சில் எழுந்து பூத்துவிட்டுப் போய்விடும். டிசம்பரில் வருகிற உங்களுக்கு அந்தப் பூக்கள் கிடைக்காது. அந்த ஆசையோடு போகாதீர்கள்.

கிரியோசோட் புதரைத் தவறவிடாதீர்கள். பார்க்க ஒன்றும் இருக்காது, சின்னச் சின்ன இலை. ஆனால் அந்த இலைகளின் மேல் மெல்லிய பிசின் பூச்சு உண்டு. ஒரு கொப்பை இரு கையாலும் மெதுவாகப் பொத்தி, அதன்மேல் வாயால் ஊதச் சொல்லுங்கள். மூச்சுக்காற்றின் ஈரம் பட்டதும் மணம் எழும். பாலைவனத்து மழை வாசம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வது இதைத்தான். பறிக்கக் கூடாது, பொத்திவிட்டு விட்டுவிட வேண்டும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் ஊதவே வேண்டாம், தோட்டம் முழுக்க அந்த வாசம்தான். அப்படி ஒரு நாள் அமைந்தால் மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள்.

இப்போது நம் ஊர்க்கதைக்கு வருகிறேன். மெஸ்கீட் என்று எழுதிய மரத்தைக் கண்டால் நில்லுங்கள். இலை, முள், காய் எல்லாம் பார்த்த மாதிரி இருக்கும். நம் சீமைக்கருவேலத்தின் உடன்பிறப்பு அது. நாம் வேரோடு பிடுங்க வழக்குப் போட்டுக்கொண்டிருக்கிற மரத்தின் குடும்பம் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. அதன் சொந்த ஊரில் அதற்கு நல்ல பெயர். இந்தப் பகுதிப் பழங்குடிகள் மெஸ்கீட் காயை இடித்து மாவாக்கிச் சாப்பிட்டார்கள், அந்த மாவு இனிக்கும். தோட்டத்தில் மனிதர்களும் தாவரங்களும் பற்றிய வளையப் பாதையில் குடிசைகள், அரைக்கும் கல், குழவி எல்லாம் வைத்திருக்கிறார்கள். காயை இடித்துப் பார்க்கவும் இடம் உண்டு. பேத்திக்கு அன்றைக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வாள். தண்ணீர்க் கேள்வியை இங்கேயும் கேளுங்கள். சவாரோ அகலத்தில் தேடுவதை மெஸ்கீட் ஆழத்தில் தேடுகிறது. அரிசோனாவின் டூசான் நகர் அருகே ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் அதன் வேரை 50 மீட்டருக்கும் கீழே கண்டிருக்கிறார்கள். ராமநாதபுரத்துக் கண்மாய்களைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது ஏன் என்று அப்புறம் நீங்கள் விளக்க வேண்டியதே இல்லை.

சப்பாத்திக்கள்ளியும் அப்படித்தான், அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் தட்டையான மடல்களில் அங்கங்கே வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் அது பூச்சி. நசுக்கினால் ரத்தச் சிவப்பாகச் சாயம் வரும். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் உயர்ந்த சிவப்புத் துணிகளுக்கு இந்தச் சாயம்தான். இதில் காசு பார்க்கலாம் என்று 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே போட்டார். 1795இல் பூச்சியும் வந்து சேர்ந்தது. வந்தது உயர்ந்த ரகம் அல்ல, காட்டு ரகம். சாயம் சுமார்தான். ஆனால் தெற்கே காடாக மண்டியிருந்த ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்துவிட்டது. பூச்சியை விட்டுக் களையை ஒழிக்கிற முறைக்கு உலகிலேயே முதல் உதாரணங்களில் ஒன்றாக இதைப் பாடப்புத்தகங்களில் சொல்வார்கள். 9 வயதுப் பையனுக்கு இந்தக் கதை நன்றாகப் பிடிக்கும். தோட்டத்துப் பூச்சியை மட்டும் அவன் நசுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் வேலியோரத்துச் சதுரக்கள்ளி, திருகுகள்ளி இவையெல்லாம் இவற்றோடு சேர்த்தியா என்று கேட்டால், இல்லை. பெயர்தான் கள்ளி, குடும்பம் வேறு. உடைத்தால் பால் வடியும். அமெரிக்கக் கள்ளியில் முள்கள் ஒரு சின்னப் பஞ்சு மெத்தை போன்ற புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பும். அந்தப் புள்ளி இருந்தால்தான் அது அசல் கள்ளி. ஒரே மாதிரி வறட்சியில் வாழ்ந்து வாழ்ந்து இரண்டு குடும்பமும் ஒரே மாதிரி உருவத்துக்கு வந்திருக்கின்றன. அசல் கள்ளிக் குடும்பத்தில் ஆசியாவுக்கு உரியது ஒரு தொங்கு கள்ளி மட்டும்தான், அது இலங்கைக் காடுகளில் உண்டு. டிராகன் பழம் கள்ளியில் காய்ப்பது என்று சொன்னால் பிள்ளைகள் முதலில் நம்ப மாட்டார்கள்.

எச்சரிக்கை ஒன்று இருக்கிறது, இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். டெடி பேர் சோயா என்று ஒரு கள்ளி (சோயா பீன்ஸ் அல்ல), தூரத்திலிருந்து பார்த்தால் பொசுபொசுவென்று கட்டிப்பிடிக்கலாம் போல இருக்கும். லேசாக உரசினாலே ஒரு கணு கழன்று ஒட்டிக்கொள்ளும், முள் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். கையால் பிடுங்கப் போனால் அந்தக் கையிலும் ஏறும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் பையில் ஒரு சீப்பு வைத்திருப்பார்கள். தோலுக்கும் கணுவுக்கும் நடுவில் சீப்பை நுழைத்து, உடம்புக்கு வெளிப்பக்கமாகச் சுண்டிவிட வேண்டும், சுண்டும் திசையில் யாரும் நிற்கக் கூடாது. மிச்ச முள்ளை இடுக்கியால் எடுக்கலாம். சப்பாத்திக்கள்ளியின் பெரிய முள்ளைவிட அதன் அடியில் இருக்கிற மயிர் போன்ற சுணைதான் தொல்லை, நாள் கணக்கில் அரிக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். வீட்டம்மா சேலை கட்டினால் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளட்டும். குழந்தையைச் செடியிலிருந்து ஒரு அடி தள்ளியே நடக்கப் பழக்குங்கள். மற்றபடி காலையில் ஸ்வெட்டர், பதினோரு மணிக்கு அதைக் கழற்றி வைக்க ஒரு பை, தொப்பி, தண்ணீர். குளிர் என்பதால் தாகம் தெரியாது. காற்று காய்ந்து கிடக்கிறது, உதடு வெடிக்கும். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். பீப்பாய்க் கள்ளியை வெட்டித் தண்ணீர் குடிக்கலாமாமே என்று பேரன் கேட்டால், குடித்தால் வயிற்றைக் கலக்கும் என்று சொல்லிவிடுங்கள்.

குளிர்காலத்தில் பூ இல்லையா என்றால், கற்றாழைகள் பூக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவை, குளிர்காலத்தில் ஆரஞ்சும் சிவப்புமாகக் கதிர் விடும். அவற்றின் எதிரே ஒரு பெஞ்சில் உட்காருங்கள், முழங்காலுக்கும் ஆயிற்று. ஹம்மிங் பேர்ட் வரும். நம் தேன்சிட்டு வேறு, இது வேறு. இந்தக் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்றபடி தேன் குடிக்கும், பின்பக்கமாகவும் பறக்கும். அன்னா என்ற வகையின் ஆண் பறவைக்கு வெயில் படுகிற கோணத்தைப் பொறுத்துக் கழுத்து கறுப்பாகவும் திடீரென்று ரோஜா நிறமாகவும் தெரியும். சவாரோ உடம்பில் வட்டமான ஓட்டைகள் இருந்தால் அது மரங்கொத்தியின் வேலை. கள்ளி அந்தக் காயத்தைச் சுற்றி உள்ளே கெட்டியான ஓடு கட்டிக்கொள்ளும், தண்ணீர் கசியாது. மரங்கொத்தி காலி செய்த பிறகு சின்ன ஆந்தைகள் குடிவரும். கள்ளி செத்து மட்கிய பிறகும் அந்த ஓடு குடுவை போல மிஞ்சும். பழைய காலத்தில் அதைப் பாத்திரமாகவே புழங்கினார்கள்.

டிசம்பரில் லூமினாரியா என்று தனியாக ஒரு மாலை நிகழ்ச்சி வைப்பார்கள். காகிதப் பையில் மணல் போட்டு உள்ளே விளக்கு வைத்துப் பாதை நெடுக வரிசையாக ஏற்றுவார்கள், அங்கங்கே இசைக் கச்சேரியும் உண்டு. டிக்கெட் தனி, சீக்கிரம் தீர்ந்துபோகும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 5 வயதுப் பிள்ளைக்கு நான் பகலைத்தான் சிபாரிசு செய்வேன். இருட்டில் செடி தெரியாது, முள்ளும் தெரியாது, கூட்டமும் குளிரும் வேறு. பட்டாம்பூச்சிக் கூடம் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான், உங்கள் பயணத்தில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

பகல் டிக்கெட்டையும் இணையத்தில் முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். விலை நாளைப் பொறுத்து மாறும், கிறிஸ்துமஸ் அன்று விடுமுறை. காலை ஒன்பதரைக்குப் போய்ப் பன்னிரண்டுக்குள் வெளியே வருவது சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. பேரனை மட்டும் அழைத்துப்போனால் மூன்று மணிக்கு மேல் போங்கள், சூரியன் ஐந்தரைக்குள் இறங்கிவிடும். தோட்டம் இருக்கிற பாப்பகோ பூங்காவின் செம்பாறைகள் அந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டியவை. சாப்பாட்டை காரிலேயே வைத்துவிட்டு, திரும்பி வந்ததும் பூங்காவின் நிழல் மேசையில் புளியோதரையைப் பிரிக்கலாம்.

இந்தப் பாப்பகோ பகுதி 1914இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டு 1930இல் அந்த அந்தஸ்தை இழந்தது. அதற்குப் பிறகுதான் 1930களில் குஸ்தாஃப் ஸ்டார்க் என்ற சுவீடன்காரர் "பாலைவனத்தைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதி, தன் வீட்டுக்கு அம்புக்குறி போட்டு ஒரு பலகை வைத்தார். அதைப் பார்த்து வந்து சேர்ந்தவர்களில் கெர்ட்ரூட் வெப்ஸ்டர் என்ற வசதியான அம்மையார் ஒருவர். அவர் பணமும் ஆள்பலமும் திரட்ட, 1939இல் தோட்டம் திறந்தது.

கடைசியாக ஒன்று. வெளியே வரும் வழியில் கடையில் குட்டிக் குட்டிக் கள்ளித் தொட்டிகளைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்பார்கள். வாங்கிக் கொடுங்கள், மகள் வீட்டுத் தெற்கு ஜன்னலில் இருக்கட்டும். உறைபனி எச்சரிக்கை வருகிற இரவில் வெளியே வைக்க வேண்டாம். அந்த ஊர் வீடுகளில் அப்படிப்பட்ட இரவுகளில் தூண் கள்ளிகளின் உச்சியில் தெர்மோகோல் கப்பைக் கவிழ்த்து வைத்திருப்பதை நீங்களே பார்ப்பீர்கள், வளர்கிற நுனிதான் முதலில் கருகும் என்பதால். ஆனால் பெட்டியில் வைத்துச் சென்னைக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். அசல் கள்ளிக் குடும்பம் ஏறக்குறைய முழுவதுமே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவுக்குள் செடி கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும். வழியில் பாலைவனத்தில் கிடக்கிறதே என்று ஒரு செடியைப் பிடுங்கினாலும் அரிசோனா சட்டப்படி வழக்கு வரும்.